30 வருஷம் காத்திருந்து ஒரு டீஷர்ட்

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இந்த எபிசோடில் ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ கேமோட கடைசிக் காட்சி வரைக்கும் பேசப் போறேன். விளையாடணும்னு ஆசை இருக்கிறவங்க இங்கேயே நிறுத்திட்டு, முடிச்சுட்டு வாங்க. எபிசோடு எங்கேயும் ஓடிப் போகாது.

மத்தவங்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1990-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்று ஒரு கேமை வெளியிட்டது. ரான் கில்பர்ட் உருவாக்கினது; டேவ் கிராஸ்மன், டிம் ஷேஃபர் ரெண்டு பேரும் அவரோட சேர்ந்து எழுதினாங்க. கரீபியன் கடல், கடற்கொள்ளைக்காரங்க, நடுவில் கைபிரஷ் த்ரீப்வுட்னு ஒரு பையன். பேரே காமெடி. அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, கொள்ளைக்காரன் ஆகணும். இந்த கேமில் கத்திச் சண்டைக்குக் கை வேகம் வேண்டாம், வாய் வேகம் போதும். எதிராளி திட்டினா அதுக்குச் சரியான பதில் திட்டு தெரிஞ்சவன்தான் ஜெயிப்பான். குழாயடிச் சண்டை பார்த்து வளர்ந்தவங்களுக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாயிண்ட் அண்ட் கிளிக் வகை கேம் இது. திரையில் தெரியற பொருளைக் கிளிக் பண்ணி எடுக்கணும், ஆட்களிடம் பேசணும், ஒரு பொருளை இன்னொண்ணோட சேர்த்துப் பார்க்கணும். அந்தக் காலத்து அட்வென்ச்சர் கேம்கள் பலதுல ஒரு படி தப்பா வச்சா செத்துப் போவீங்க. திரும்பப் பழைய சேவ் ஃபைல். கில்பர்ட்டுக்கு அது சுத்தமாப் பிடிக்கலை. 1989-லேயே அட்வென்ச்சர் கேம்கள் ஏன் இவ்வளவு எரிச்சலா இருக்குன்னு ஒரு கட்டுரை எழுதினார். அதனால மங்கி ஐலண்டில் சாவைப் பத்திப் பயப்படாம, நிதானமா சுத்தலாம், எல்லாரிடமும் வம்பு பேசலாம்.

1991-இல் இரண்டாவது பாகம் வந்தது. அதோட முடிவுதான் எல்லாப் பிரச்சினைக்கும் ஆரம்பம். பேய்க் கொள்ளைக்காரன் லெச்சக்கோட கடைசி மோதல் நடக்குது. திடீர்னு முகமூடி கழலுது. பார்த்தா கைபிரஷ், லெச்சக் ரெண்டு பேருமே சின்னப் பசங்க, ஒரு கேளிக்கைப் பூங்காவில் நிக்கிறாங்க. அப்பா அம்மா வந்து திட்டிக் கூட்டிட்டுப் போறாங்க. லெச்சக் பையனோட கண்ணு மட்டும் ஒரு தடவை மின்னுது. அவ்வளவுதான், முடிஞ்சது.

அப்போ இவ்வளவு நேரம் நடந்தது எல்லாம் குழந்தை விளையாட்டா? இல்லை, இது லெச்சக்கோட மந்திரமா? தலைப்பில் இருக்கிற அந்த ‘சீக்ரெட்’தான் என்ன? பதில் சொல்லாமலே 1992-இல் கில்பர்ட் கம்பெனியை விட்டுப் போயிட்டார். 1997, 2000, 2009-னு மத்தவங்க அடுத்தடுத்த பாகங்களைச் செஞ்சாங்க. நல்லாவும் செஞ்சாங்க, குறிப்பா 1997-இல் வந்தது. ஆனா ‘ரானுக்கு மட்டும்தான் உண்மை தெரியும்’ என்ற நம்பிக்கை ரசிகர்களிடம் போகவே இல்லை.

இப்போ 2022-க்கு வருவோம். ஏப்ரல் 1-ஆம் தேதி கில்பர்ட் தன்னோட வலைப்பதிவில், புது மங்கி ஐலண்ட் செய்யப் போறேன்னு எழுதறார். தேதியைப் பாருங்க. ஏப்ரல் ஃபூல்னு எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. மூணு நாள் கழிச்சு நிஜமாவே டீசர் வந்தது. டேவ் கிராஸ்மனும் கூட இருந்தார். இணையமே கொண்டாடிச்சு.

அந்தக் கொண்டாட்டம் ஜூன் கடைசி வரைக்கும்தான். கேம்ப்ளே ட்ரெய்லர் வந்ததும், ஃபர்ஸ்ட் லுக் போஸ்டர் பிடிக்காத ரசிகர் மன்றம் மாதிரி ஒரு கூட்டம் கிளம்பிருச்சு. காரணம், படம் வரைஞ்ச விதம். பழைய பிக்சல் ஓவியம் இல்லை. ‘டியர்அவே’ கேம் செஞ்ச ரெக்ஸ் க்ரௌல் தலைமையில், காகிதத்தை வெட்டி ஒட்டின மாதிரி கோணல் மாணல் முகங்கள், அழுத்தமான நிறங்கள்.

ரசிகர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 2013-இல் இதே கில்பர்ட் ஒரு பதிவு போட்டிருந்தார்: நான் இன்னொரு மங்கி ஐலண்ட் செஞ்சா எப்படி இருக்கும்னு ஒரு பட்டியல். அதில் பழைய பாணி ஓவியம்தான்னு தெளிவா இருந்தது. அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரா நீட்டினாங்க. ஆனா ஒரு மனுஷன் ஒன்பது வருஷம் முன்னாடி ஆசைப்பட்டதையே இன்னைக்கும் ஆசைப்படணும்னு எந்த ஒப்பந்தமும் இல்லையே. நடுவில் 2017-இல் ‘திம்பிள்வீட் பார்க்’ செஞ்சு அந்தப் பிக்சல் ஆசையைத் தீர்த்துக்கிட்டார். இன்னொண்ணு, 1990-இல் பிக்சல் ஒரு ‘ஸ்டைல்’ கிடையாது. முதல் பாகம் வெளியானப்போ வெறும் 16 நிறம். கம்ப்யூட்டரால் முடிஞ்சது அதுதான். இரண்டாம் பாகத்துக்கு நிஜக் காகிதத்தில் பெயிண்ட் பண்ணி ஸ்கேன் செஞ்சாங்க. அதாவது அந்தக் கேம்கள் ஒவ்வொண்ணும் அந்தந்த நாளில் எவ்வளவு புதுசா இருக்க முடியுமோ அவ்வளவு புதுசா இருந்தது. அதே உணர்வை 2022-இல் தரணும்னா பழசை நகல் எடுக்கிறது சரியான வழியான்னு எனக்குச் சந்தேகம்தான்.

பிடிக்கலைன்னு சொல்றது வேற. கைபிரஷ் முகம் எனக்கும் முதல் அரை மணி நேரம் ஒட்டலை. ஆனா வந்த கமெண்டுகள் விமர்சனமா இல்லை, ஆளைக் குறி வச்ச வசை. கடைசியில் கில்பர்ட், பகிர்ந்துக்கிற சந்தோஷமே போயிருச்சு, இனி கேம் பத்தி இங்கே எழுத மாட்டேன்னு சொல்லிட்டு கமெண்ட் பகுதியையே மூடிட்டார். கேம் வெளியாக இன்னும் கிட்டத்தட்ட மூணு மாசம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட ஒரு நிமிஷம் விளையாடிப் பார்த்தவர் கிடையாது. இதை மட்டும் மனசில் வச்சுக்கங்க, ஏன்னா அடுத்த சண்டை அப்படி இல்லை.

செப்டம்பர் 19, 2022. கேம் வந்தது. ஓவியச் சண்டை ஒரே வாரத்தில் ஓஞ்சு போச்சு. நகரும்போது அந்தக் கோணல் முகங்கள் அவ்வளவு உயிரோட இருந்தது. பசில்களைப் பத்திப் புலம்பல் கொஞ்சம் இருந்தது: ரொம்ப ஈஸின்னு. கேமுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கு. மாட்டிக்கிட்டா திறந்து பார்க்கலாம், முதல்ல சின்னதா ஒரு க்ளூ, அப்புறம் கொஞ்சம் பெரிசு. சில பழைய ஆட்கள் இதை மோசடின்னே சொன்னாங்க. இரண்டாம் பாகத்தில் ஒரு குரங்கைத் தூக்கிட்டுப் போய் ஸ்பேனர் மாதிரி திருகணும், ஏன்னா ஆங்கிலத்தில் ‘மங்கி ரென்ச்’னு ஒரு வார்த்தை இருக்கு! அந்தச் சிலேடை தெரியாத ஊர்க்காரன் என்ன பண்ணுவான்? வருஷக்கணக்கா உட்கார்ந்து யோசிப்பான். எனக்குக் குறிப்புப் புத்தகமே போதும்.

சரி, முடிவு.

கேம் எங்கே ஆரம்பிக்குது தெரியுமா? 1991-இல் விட்ட அதே பூங்காவில். அதே ரெண்டு பசங்க. ஆகா, பதில் வந்துருச்சுன்னு நிமிர்ந்து உட்கார்றோம். கொஞ்ச நேரத்தில் தெரியுது, அந்தப் பையன் கைபிரஷ் இல்லை, கைபிரஷோட மகன். அப்பா சொன்ன கதையை நண்பனோட சேர்ந்து நடிச்சுப் பார்க்கிறான். பக்கத்தில் ஒரு பெஞ்சில் நரைச்ச கைபிரஷ். அப்பா, ரகசியத்தைக் கண்டுபிடிச்ச கதையைச் சொல்லுங்கன்னு மகன் கேட்க, அவர் ஆரம்பிக்கிறார். நாம விளையாடற மொத்த கேமும் அவர் மகனுக்குச் சொல்ற கதை.

அந்தக் கதையில் நாம பொய் சொல்றோம், வேஷம் போட்டு லெச்சக் கப்பலிலேயே வேலைக்குச் சேர்றோம், ஊரையே ஏமாத்தறோம். ஒரு கட்டத்தில் மனைவி இலேன் கூட நடந்து வந்துக்கிட்டே, இந்த ரகசியத்துக்காக என்னவெல்லாம் செஞ்சேன்னு நிதானமா கேட்கிறாள். திட்டலை. கேட்கிறாள், அவ்வளவுதான். அதுவரைக்கும் ஜாலியா கிளிக் பண்ணிட்டிருந்த எனக்கு அந்த நடை சங்கடமா இருந்தது, ஏன்னா செஞ்சது எல்லாம் என் கைதானே.

கடைசியில் மங்கி ஐலண்டுக்கு அடியில் ஒரு கதவு. திறந்து உள்ளே போனா, ஒரு சந்து. கேம் தொடங்கின ஊரோட அதே சந்து, ஆனா எல்லாம் பூங்காவோட செட்டு. ஸ்டான் வந்து, கடையை மூடற நேரம், விளக்கை அணைச்சுட்டுப் போன்னு சாவியைக் கையில் கொடுத்துட்டுப் போயிடறார். அங்கே ஒரு பெட்டி இருக்கு. திறந்தா உள்ளே ஒரு டீஷர்ட்: மங்கி ஐலண்டுக்குப் போனேன், கிடைச்சது இந்த உதவாக்கரை டீஷர்ட்தான்கிற மாதிரி ஒரு வாசகம். டூரிஸ்ட் கடையில் தொங்குமே, அதே சாமான்.

இங்கேதான் விளையாடினவங்க ரெண்டாப் பிரிஞ்சாங்க. முப்பது வருஷம் காத்திருந்ததுக்கு இதுவா, எங்களைக் கேலி பண்றாங்கன்னு ஒரு பக்கம். அழுதுட்டேன்னு இன்னொரு பக்கம். 1990-இல் பத்து வயசில் விளையாடினவங்களுக்கு 2022-இல் நாற்பது தாண்டிருச்சு, பலபேர் பக்கத்தில் அவங்க குழந்தையே உட்கார்ந்து விளையாடுது. அந்த பெஞ்சில் இருக்கிறது தான்தான்னு அவங்களுக்குத் தோணினதில் ஆச்சரியம் இல்லை.

கோபப்பட்டவங்களை ‘புரியாதவங்க’ன்னு ஒதுக்கறது எனக்குப் பிடிக்கலை. அவங்க முழுசா விளையாடிட்டுப் பேசறாங்க, அதுவும் குறிப்பாப் பேசறாங்க. லெச்சக்கோட பகை என்ன ஆச்சு? முதல் பாகத்திலும் இரண்டாம் பாகத்திலும் அவனோட ஒரு கடைசி மோதல் இருந்தது. இதில் அவனை அந்தரத்தில் விட்டுட்டுக் கதவைத் திறந்து போயிடறோம். வில்லனை அவ்வளவு பயங்கரமா வளர்த்துட்டு அப்படி விட்டது கதைக்குள்ளேயே ஒரு ஓட்டை. பெஞ்சில் எவ்வளவு உருக்கமா உட்கார்ந்தாலும் அந்த ஓட்டை அடையலை. இந்த விமர்சனத்துக்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

ஆனா டீஷர்ட் விஷயத்தில் நான் மறுபக்கம். கில்பர்ட் இந்த உலகத்தை யோசிக்கத் தொடங்கினதே டிஸ்னிலேண்டில் இருக்கிற ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ சவாரியைப் பார்த்துத்தான். படகில் உட்கார்ந்து போகும்போது, இறங்கி அந்தச் செட்டுக்குள்ளே நடக்க முடியாதான்னு தோணினதை அவரே பலமுறை சொல்லியிருக்கார். அப்போ பூங்கா ஏமாத்து வேலை இல்லை, அதுதான் விதை. இதில் ஒரு வேடிக்கை, 2012-இல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கினதால இன்னைக்கு மங்கி ஐலண்டும் டிஸ்னியோடதுதான்.

இன்னொண்ணும் இருக்கு. கதை முடிஞ்சதும் மகன் விடலை. பாட்டி வடை கதையை முடிச்சப்புறமும் ‘அப்புறம் காக்கா என்ன பண்ணிச்சு’ன்னு கேட்கிற குழந்தை மாதிரி, அவ்வளவுதானா, நிஜ ரகசியம் என்னன்னு கேட்கிறான். என்ன பதில் சொல்லணும்னு தேர்ந்தெடுக்கிறது நாம. அப்புறம் இலேன் வர்றாள், மகன் கிளம்பறான், கைபிரஷ் கொஞ்ச நேரம் தனியா பெஞ்சில் உட்கார்ந்திருக்கார். கேம் நம்மளை எந்த பட்டனையும் அழுத்தச் சொல்லலை. முடிச்சவங்களுக்கு மெனுவில் இருக்கிற ஸ்கிராப்புக்கில் ரானும் டேவும் எழுதின ஒரு கடிதமும் இருக்கு, ரகசியத்தைப் பத்தித்தான். அதை நான் சொல்லப் போறதில்லை. அவ்வளவு தூரம் போனவங்களுக்கான கடிதம் அது.

பழைய பாகம் எதுவும் விளையாடாதவங்களும் நேரா இதில் தொடங்கலாம், ஸ்கிராப்புக்கில் முன்கதை இருக்கு. சொல்லப் போனா உங்க கருத்துதான் எனக்கு வேணும், ஏன்னா நீங்க எதுக்கும் முப்பது வருஷம் காத்திருக்கலை.

முடிச்சவங்களுக்கு ஒரு கேள்வி. ஸ்டான் சாவி கொடுத்தப்போ விளக்கை அணைச்சுட்டுக் கிளம்பலாம், பெட்டியைத் திறக்கலாம், ‘இதை நான் நம்ப மாட்டேன்’னு வந்த கதவு வழியாவே திரும்பியும் போகலாம். ஒவ்வொண்ணுக்கும் முடிவு கொஞ்சம் மாறும். நான் முதல் தடவை கதவுக்குத்தான் ஓடினேன். நீங்க என்ன பண்ணீங்கன்னு குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த வாரம் சிலதைப் போட்டுக் காட்டறேன்.