பத்து வருடக் கதை

1989 மே மாதம், இங்கிலாந்தின் கிராலி நகரம். பஞ்சாபைச் சேர்ந்த கிரண்ஜித் அலுவாலியா, தூங்கிக்கொண்டிருந்த கணவர் மீது பெட்ரோல் ஊற்றித் தீவைத்தார். சில நாளில் கணவர் இறந்தார். அந்த டிசம்பரிலேயே தீர்ப்பு: கொலைக்குற்றம், ஆயுள் தண்டனை.

அந்த இரவுக்கு முன்னால் பத்து வருட அடி, உதை இருந்தது. அன்றுகூட அவர் முகத்தில் இஸ்திரிப் பெட்டியால் சூடு வைக்க முயன்றார் கணவர். ஆனால் அன்றைய ஆங்கிலேயச் சட்டம், ஆத்திரமூட்டப்பட்டதால் செய்த கொலை என்றால் அந்த ஆத்திரம் 'திடீரென' வந்திருக்க வேண்டும் என்றது. மதுக்கடைச் சண்டையில் கத்தியெடுத்தவனுக்குப் பொருந்திய அளவுகோல் அது. வருடக்கணக்கில் அடிபட்டு ஒடுங்கிப் போனவளுக்கு எப்படிப் பொருந்தும்?

லண்டனில் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு இந்த வழக்கைக் கையில் எடுத்தது. சிறைக்குச் சென்று, அவர் கதையைப் பொறுமையாகக் கேட்டார்கள். அவருக்குக் கடும் மனச்சோர்வு இருந்ததைச் சொல்லும் மருத்துவச் சான்று, முதல் விசாரணையில் முன்வைக்கப்படவே இல்லை! 1992 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. செப்டம்பரில், மனநிலை பாதிப்பால் நேர்ந்த மரணம் என்று ஏற்கப்பட்டு, சிறையில் கழித்த காலமே தண்டனையாகி, வீடு திரும்பினார்.

2009-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டம், கட்டுப்பாட்டை இழப்பது திடீரென நேர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.