நித்திய வாழ்வும் நிலையாப் பொருளும்



உலகப் பொருள் நிலையற்றது என்னும் செய்தி தமிழ் மக்களுக்குப் புதியதன்று. திருவள்ளுவர் நிலையாமை என்றும் துறவு என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். நாலடியார் தன் முதல் அதிகாரத்தையே செல்வ நிலையாமைக்கு ஒதுக்கியது. கடல் வாணிகத்தையும் பெருஞ்செல்வத்தையும் துறந்த பட்டினத்தடிகளின் கதையைத் திண்ணையில் இருந்து கேட்டு வளர்ந்த மக்கள் இவர்கள். அவ்வாறாயின், கிறித்தவ சமயம் இத்துறையில் சொல்ல வந்தது யாது என்று ஒருவர் வினவலாம். அது நியாயமான வினாவே.

கிறித்தவ சமயமும் பொருளின் நிலையாமையை ஒப்புக்கொள்கின்றது. ஆயினும் அதன் போதனை ஒரு வாக்குறுதியிலிருந்து தொடங்குகின்றது. கல்வாரியில் மரித்துக் கல்லறையில் வைக்கப்பட்ட இயேசுநாதர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதும், அவரில் விசுவாசம் வைத்து மரிப்போர் அவரோடு நித்திய காலம் வாழ்வர் என்பதும் அச்சமயத்தின் அடிப்படை. இந்த உயிர்ப்பு இல்லையாயின் தம் போதனை யாவும் வீண் என்று, கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் புனித பவுல் ஒளிவுமறைவின்றி எழுதினார். ஆகவே, உலகம் வெறுக்கத்தக்கது என்பதற்காகக் கிறித்தவன் பற்றை விடுவதில்லை. அழியாத முதுசொம் ஒன்று தனக்கு உண்டென்று நம்புகிறவன், அழியும் உரிமைகளை உயிர்போல் இறுகப் பிடித்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே விடுகின்றான்.

லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் இயேசுநாதர் கூறிய உவமையொன்று உண்டு. ஒரு செல்வனுடைய நிலம் மிகுதியாக விளைந்தது. வைப்பதற்கு இடம் போதாமையால் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட அவன் எண்ணினான். இனிப் பல்லாண்டு கவலையின்றி உண்டு களிக்கலாம் என்று தன் ஆன்மாவுக்கே சொல்லிக்கொண்டான். அன்றிரவே அவன் உயிர் அவனிடமிருந்து கேட்கப்பட்டது. இவ்வுவமையை ஊன்றி நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். அவன் பிறர் நிலத்தைக் கவர்ந்தான் என்றோ, கூலியாட்களை வஞ்சித்தான் என்றோ சொல்லப்படவில்லை. நல்ல விளைவு குற்றமாகாது. ஆனால் அவனுடைய பேச்சு முழுவதிலும் அயலவன் ஒருவனும் இல்லை, கடவுளும் இல்லை. தான் என்றும் இருப்பவன் போலவும், பிறர் எவரும் இல்லாதவர் போலவும் எண்ணியதே அவனுடைய பேதைமை.

இவ்விடத்தில் அறிவுடையோர் சிலர் ஒரு தடை எழுப்புவர். மறுமையை நம்புகிறவன் இம்மையை மறந்துவிடுகிறான்; விண்ணை நோக்கி நடப்பவன் காலடியில் கிடக்கும் நோயாளியைக் காண்பதில்லை; ஆகவே நித்திய வாழ்வின் நம்பிக்கை மனிதனைச் சோம்பேறியாக்கும் என்பர். இத்தடைக்கு வாதத்தினால் விடை கூறுவதினும் ஒருவரது வாழ்க்கையினால் விடை கூறுவது பொருத்தமாகும். அவ்வாழ்க்கை இந்நாட்டு மண்ணிலேயே நடந்தது. புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்க்கையே அது.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவில் பெனாவுலிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணி மொழி பேசும் அந்தணர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. மதிப்புக்கோ வசதிக்கோ குறைவில்லை. 1676இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஓகத்து 5ஆம் திகதி, காணிக்கு உறுதி முடிப்பவர் போன்று, தம்மைத் தேவமாதாவின் அடிமையாக எழுதிக்கொடுத்துக் கையொப்பமிட்டார். மனிதர் தமக்கு உரியன இவையென்று நாட்டுவதற்கே உறுதி எழுதுவர். தாமே தமக்கு உரியவரல்லர் என்று நாட்டுவதற்கு இவர் எழுதினார்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசரிடமிருந்து அவர்கள் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர் கடுந்தண்டனைக்கு ஆளாவர் என்று கட்டளை பிறந்தது. அரசாங்க உத்தியோகம் வேண்டுவோர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்தல் வேண்டும். ஞானஸ்நானமும் விவாகமும் அத்திருச்சபையின் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. பிள்ளைகளின் முதுசொம் உரிமைக்கும் அப்பதிவு ஆதாரமாயிற்று. ஆகவே அன்று தம் பழைய விசுவாசத்தைக் கைவிடாதிருந்தோர், பதவியையும் காணியையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் ஒருங்கே துலாத்தட்டில் வைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வரலாற்றிற் பெயர் பொறிக்கப்படாத ஏழைக் குடியானவரும் மீனவருமாவர்.

குருவின்றித் தவித்த இம்மக்களைப் பற்றிக் கேள்வியுற்ற யோசேவ் வாஸ் அடிகளார், கோவாவில் ஒறற்றோரியன் சபையின் தலைமையை விட்டு நீங்கினார். தூத்துக்குடிக்கு வந்து, குருவின் உடை களைந்து, ஏழைக் கூலியாளின் கோலம் பூண்டு, ஓர் ஏவலாளனுடன் கடலைக் கடந்து, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சேர்ந்தவுடனேயே கடும் வயிற்றோட்ட நோய் அவரை வீழ்த்தியது. செல்வக் குடியிற் பிறந்தவர் அந்நிய ஊரில், முகம் அறியாதோர் இட்ட கஞ்சியினால் உயிர் பிழைத்தார். பின்னர் கழுத்திற் செபமாலையுடன் வீடுவீடாகச் சென்று பிச்சை ஏற்றார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தோர் வாயிலாக மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் தந்தது. பகலில் மறைவும் இரவில் பூசையுமாகக் காலம் சென்றது. 1689ஆம் ஆண்டளவில், நத்தார் இரவிற் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படையினர் சூழ்ந்து பிடித்தனர். சிலர் கடுமையாக அடிக்கப்பட்டனர். ஒருவர் அவ்வடியினால் உயிர் நீத்தார். அடிகளார் தப்பிப் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கீச ஒற்றர் என்ற ஐயத்தினாற் சிறையிடப்பட்டார். அவரது நடையைக் கண்ட பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் நாளடைவில் ஐயம் நீங்கி அவருக்கு விடுதலையும் பாதுகாப்பும் அளித்தார்.

இனி, அத்தடைக்கு விடை கூறும் நிகழ்ச்சி வருகின்றது. 1697இல் கண்டி மாநகரில் வைசூரி பரவியது. எட்வேட் ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டறிந்தது 1796இலேயாகும். அந்நோய் உலகினின்று ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். ஆகவே அடிகளாரின் காலத்தில் அந்நோய்க்கு அம்மைப்பாலும் இல்லை, மருந்தும் இல்லை. மன்னரும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினர். இயன்றோர் யாவரும் ஓடினர். நோயுற்ற சொந்தக்காரரையும் சிலர் கைவிட்டு ஓடினர். நகரில் நின்றவர்கள் யோசேவ் வாஸ் அடிகளாரும், அவருடைய உறவினரான யோசேவ் கர்வாலோ என்னும் குருவும். கைவிடப்பட்ட வீடுகளை அவர்கள் நோயாளர் விடுதிகளாக்கினர். புண்களைக் கழுவினர், உணவு ஊட்டினர், இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்னும் வேறுபாடு அவர்கள் பணியில் இருக்கவில்லை.

மறுமையை நம்பியவர் காலடியிற் கிடந்த நோயாளியைக் காணாது சென்றாரா? அவர் ஒருவரே கண்டார் என்று கூறினும் மிகையாகாது. ஏனையோர் கொடியவரல்லர். அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்று இருந்தது. அது அவர்களைத் துரத்தியது. அடிகளாருக்கோ இழப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. வீட்டையும் குலப்பெருமையையும் முன்னரே கொடுத்துவிட்டார். உயிரையும் வேறோர் இடத்தில் வைத்திருந்தார். பற்றிக்கொள்ளாத கை பணி செய்வதற்கு ஒழிவாயிருக்கும். நித்திய வாழ்வின் நம்பிக்கை ஒரு மனிதனுக்கு இவ்வுலகிற் செய்யும் பேருதவி இதுவே.

பின்னர் அவரை ஆயராக்க வேண்டுமென்ற எண்ணம் எழுந்தபோதும் அவர் அதனை ஏற்கவில்லை. பொருளைத் துறந்தோரும் சிலவேளை பதவிக்கு மயங்குவர். அவ்வலையும் அவரைப் பிடிக்கவில்லை. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி, தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், கண்டியிற் காலமானார்.

அடிகளாரின் வாழ்க்கையை எடுத்துரைப்போர் ஒன்றை மறத்தலாகாது. துறத்தல் வேறு, இழத்தல் வேறு. தானே மனமுவந்து கொடுத்தவனுக்கும், கையிலிருந்து பறிக்கப்பட்டவனுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இந்நாட்டு மக்கள் இழப்பை நன்கு அறிந்தவர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனைகளினின்று வெளியேற்றப்பட்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, நத்தாருக்கு அடுத்த நாள், கடல் எழுந்து கரையோரத்து வீடுகளையும் உயிர்களையும் வாரிச் சென்றது. இவ்வாறு இழந்தோரிடம் சென்று, பொருள் நிலையற்றது, கவலற்க என்று போதிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. யோசேவ் வாஸ் அடிகளார் வைசூரியுற்றோருக்குத் துறவைப் போதிக்கவில்லை. முதலிற் புண்ணைக் கழுவினார். பற்றறுத்தல் என்பது ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய போதனை. பிறனுக்குக் கொடுக்க வேண்டியது சோறும் துணியும் துணையுமே. மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் வினாக்களும் பசித்தவன், தாகமுற்றவன், நோயாளி, சிறையிலிருப்பவன் ஆகியோரைப் பற்றியனவே. நித்திய வாழ்வின் வாயில் அயலவன் வீட்டு முற்றத்தின் வழியாகவே அமைந்துள்ளது.

இழந்தோருக்கும் இந்நம்பிக்கை ஒரு சொல் வைத்திருக்கின்றது. வீடு அழியலாம், வீட்டில் நிகழ்ந்த அன்பு அழிவதில்லை. மாண்டவர் இறைவன் கையில் உளர். பொருளே மனிதனின் அளவு என்றால், அனைத்தையும் இழந்தவன் ஒன்றுமில்லாதவன் ஆவான். நித்திய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவனே மனிதன் என்றால், வெறுங்கையுடன் அகதி முகாம் வாயிலில் நின்றவனும் தன் பெருமையில் அணுவளவும் குறைந்தவனல்லன்.

ஆனால் உடையவருக்கு இந்நம்பிக்கை கூறும் சொல் சற்றுக் கடுமையானது. இரண்டு முழ வேலிக்காக இரு தலைமுறை வழக்காடும் சகோதரர் உளர். மருமகளின் குணத்தினும் சீதனக் காணியின் பரப்பைக் கூர்ந்து நோக்கும் பெற்றோர் உளர். தாயார் கண்மூடுமுன்னரே மரணசாதனத்தின் பிரதியைத் தேடும் பிள்ளைகள் உளர். ஞாயிறுதோறும் கோவிலில் மரித்தோரின் உயிர்ப்பையும் மறுவுலக வாழ்வையும் விசுவசிப்பதாக அறிக்கையிடுவோரும் இவர்களுள் இல்லாமலில்லை. வாய் ஒன்றை அறிக்கையிட, கை வேறொன்றை அறிக்கையிடுகின்றது. ஒருவன் எதை உண்மையாக நம்புகிறான் என்பதை அறிய அவன் செபத்தைக் கேட்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டிய வேளையில் அவன் கையைப் பார்த்தாற் போதும்.

இதனால், காணி வாங்குதலும் வீடு கட்டுதலும் பிள்ளைகளுக்குத் தேடி வைத்தலும் பாவமென்பது பொருளன்று. இல்லறத்தார் யாவரும் பெனாவுலிமை விட்டுப் பிச்சையேற்கப் புறப்பட வேண்டுமென்பதும் இல்லை. பொருளை உடைமையாகவன்றி, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாகக் கொள்பவன் வீட்டிலிருந்தே துறவியாவான். கணக்குக் கேட்பவர் ஒருவர் உண்டென்று அறிந்த காரியகாரன் முதலாளியின் பணத்தை எவ்வாறு கையாளுவானோ, அவ்வாறே அவன் தன் செல்வத்தைக் கையாளுவான். கேட்பவன் வந்தபோது அவன் கை திறக்கும். இழப்பு வந்தபோது அவன் நெஞ்சு உடையாது. மரணம் வந்தபோது விட்டுச்செல்ல அவனுக்கு அதிகம் இராது, ஏனெனில் பெரும்பகுதியை முன்னரே அனுப்பியிருப்பான்.

யோசேவ் வாஸ் அடிகளாருக்கு 1995இல் கொழும்பிலே முத்திப்பேறும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலிற் புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. இலட்சக்கணக்கானோர் அங்கே கூடினர். ஆயினும் கண்டியில் அவர் அடக்கம் செய்யப்பட்ட கல்லறையின் இடம் இன்று எவராலும் சுட்டிக்காட்டப்படுவதில்லை. பிறந்த வீட்டையும் குருவின் உடையையும் பதவியையும் துறந்தவர், ஈற்றில் ஆறடி நிலத்தையும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. மரணப் படுக்கையில் அவர் தம் தோழரான குருமாருக்குக் கூறிய அறிவுரையும் சுருக்கமானதே: வாழ்நாள் முழுவதும் செய்யத் தவறியதை மரண வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாதென்பதே அது. பிடித்த கையைத் திறப்பதற்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்கு உரிய காலம், கையில் இன்னும் வலுவிருக்கும் காலமேயாகும்.