குன்றேறிக் காணல்



கைப்பொருள் உடையவன் தொடங்கும் தொழிலுக்கு, குன்றின்மேல் ஏறி நின்று யானைப்போர் காண்பதை வள்ளுவர் உவமை கூறினார். மேலிருப்பவனுக்கு இடரில்லை என்பது அவ்வுவமையின் உட்பொருள். செஞ்சியின் குன்றுகளில் வாழ்ந்தவர்க்கு இந்த உவமை பாதிதான் பொருந்திற்று. அங்கே போர் சமவெளியில் மட்டும் நிகழவில்லை; குன்றையே குறிவைத்து வந்தது. அவ்வாறிருந்தும் இன்று அக்குன்றுகளில் ஏறுவோர், படமெடுத்துக் கொண்டு இறங்கிவிடுகின்றனர். ஏறியவர் எதைக் காணவேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே செல்பவர்க்குச் செஞ்சி தோன்றுமுன்னரே பாறைகள் தோன்றிவிடுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்ததுபோல் உருண்டைக் கற்கள். இவை அடுக்கப்பட்டவை அல்ல. மண்ணுக்குள் புதைந்திருந்த கருங்கல், தன் வெடிப்புகளின் வழியே நீர் புகுந்து, மூலைகள் மழுங்கி உருண்டது. மேல்மண் மழையில் கரைந்தோட, உருண்டைகள் மட்டும் எஞ்சின. கோட்டை கட்டியவர்க்கு இயற்கை முன்கூட்டியே பாதி மதிலை எழுப்பிக் கொடுத்துவிட்டது எனலாம். மேற்கே பக்கமலைக் காடு. குன்றுகளின் சரிவுகளில் முட்புதர்களும் குறுமரங்களும். கிழக்கே நெல்வயலும் பனையும் ஏரியும். காட்டுக்கும் கழனிக்கும் இடையில் நிற்கும் வாயில் செஞ்சி.

மூன்று குன்றுகளுள் மேற்கிலுள்ள இராசகிரியே உயர்ந்தது. ஏறத்தாழ 800 அடி. வடக்கே கிருட்டிணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் மதில்கள் முக்கோணமாக இணைக்கின்றன. அம்மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கிருட்டிணகிரிக்குச் சீரான படிகள் உண்டு. முதியோரும் மெல்ல ஏறலாம். இராசகிரி அப்படியன்று. நெற்களஞ்சியங்களையும் கல்யாண மகாலையும் கடந்து, கமலக்கண்ணியம்மன் கோயிலருகே மூச்சு வாங்கி, வாயில் மேல் வாயிலாக நுழைந்து சென்றால், உச்சிக்குச் சற்று முன்பாகப் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவின் அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. அன்று அதன்மேல் மரப்பாலம் ஒன்றிருந்தது. அதை எடுத்துவிட்டால் சிலரே நின்று பலரைத் தடுக்கலாம். ஏறி வந்தவர் இவ்விடத்தில் நின்று திரும்பிப் பார்க்கவேண்டும். நூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் ‘முற்றுகை’ என்னும் சொல்லின் எடை இங்கேதான் தெரிகிறது.

அம்முற்றுகைகளுள் நெடியது மராட்டிய இராசாராமுக்கு நேர்ந்தது. 1677இல் சிவாசி கைப்பற்றிய கோட்டையில் அவர் மகன் இராசாராம் வந்து தங்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினான். 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. அதற்குள் இராசாராம் தப்பிச் சென்றுவிட்டார். எட்டாண்டுகள் ஒரு பேரரசின் படை இக்குன்றுகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றது.

இனித் தேசிங்கைக் காண்க. தந்தை சொரூப்சிங்குக்குப் பின் செஞ்சியை ஆண்ட அவ்விளைஞன், 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சில நூறு பேருடன் எதிர்த்து, ஒரே நாளில் களத்தில் வீழ்ந்தான். வயது இருபத்திரண்டு என்பர். எட்டாண்டு தாங்கிய அதே மதில்கள் அவனுக்கும் இருந்தன, களஞ்சியங்கள் இருந்தன, சுனைகள் இருந்தன. அவன் குன்றில் தங்காமல் சமவெளிக்கு இறங்கினான். படைத்துறை அறிந்தோர் இதை அறியாமை என்பர், தவறன்று. ஆயினும் தமிழ் மக்களின் கதைப்பாடல் யாரைத் தேர்ந்துகொண்டது? மதிலுக்குள் எட்டாண்டு இருந்தவரை அன்று, மதிலை விட்டு இறங்கியவனை. அவனையும், அவன் நண்பன் மகமத்கானையும், குதிரையையும் ஊர் ஊராகப் பாடினர். இராசகிரி உச்சியில் நின்று அவன் இறங்கிய தொலைவைக் கண்ணால் அளந்த பின்பே, அப்பாடல் மக்கள் நெஞ்சில் ஏன் தங்கிற்று என்பது புலப்படும். சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாறு 1943இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மலையேறும் இளைஞர் அதையும் கதைப்பாடலையும் சேர்த்தே படிப்பது நலம்.

2025 சூலையில் யுனெசுகோ இக்கோட்டையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மராட்டியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராட்டிரத்தில், ஒன்று இங்கே. மகிழத்தக்க செய்திதான். எனினும் மராட்டியர் கையில் செஞ்சி இருந்தது இருபத்தோராண்டே. கோன் மரபினர், விசயநகரத்தின் நாயக்கர், பிசப்பூர்ச் சுல்தான்கள், முகலாயர், நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அத்தனை கைகளும் பட்ட கல் இது. வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குச் சென்று, இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்கின்றன. செஞ்சியை முழுதும் காண விழைபவர் அங்கும் ஒருமுறை போய்வர வேண்டும்!

கோட்டையின் புகழில் மறைந்துபோன சிறு குன்றுகள் சுற்றிலும் பல. செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று. ஏறக் கால்மணிப் பொழுதும் வேண்டாம். ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரு வரிசையாக வீற்றிருக்கின்றனர். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் கல்வெட்டும் இங்கேயே உள்ளது. ‘ஐ’ என்னும் எழுத்தின் மிகப் பழைய வடிவம் காணப்படும் இடமாக அறிஞர் அதைக் காட்டுவர். கோட்டைக் குன்றில் உயிரைக் காக்க ஏறினர். இக்குன்றில் உயிரை விட ஏறினர். இரண்டிற்கும் இடையே நடைதூரமே.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு வரும் வழியில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் கோயில் அமைத்ததாக மகேந்திரவர்மன் தன் ‘விசித்திரசித்தன்’ என்னும் பட்டப்பெயரால் பொறித்த குகை அது. பனைமலையில் இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், குடைநிழலில் நிற்கும் உமையின் ஓவியம் மங்கிய நிலையில் எஞ்சியுள்ளது. கோயில் முற்றத்திலிருந்து கீழே ஏரியைக் காண்பதற்கென்றே அவ்வூருக்கு ஒருமுறை செல்லலாம். கீழ்வாலைப் பாறையிலோ, பறவைமுகங் கொண்ட மாந்தர் செங்காவி நிறத்தில் நிற்கின்றனர். மயிலம் முருகன் குன்றைப் பற்றி இவ்வவைக்கு விரிக்க வேண்டுவதில்லை. அங்குள்ள தமிழ்க் கல்லூரியில் பயின்றவர் இப்பகுதியில் பலர்.

செருமனி நாட்டில் பாலட்டினேட் என்றொரு பகுதி உண்டு. திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே செம்மணற்கல் பாறைகள், பாறைகளின் மேல் இடிந்த கோட்டைகள். இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டு 1193இல் அடைபட்டிருந்த டிரைபல்சு அவற்றுள் ஒன்று. அங்கே 1902இல் நடைப்பயணிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். பாதைகளுக்குக் குறியிட்டுப் பேணுவதும், மலையேறுவோர்க்குச் சிறு குடில்களில் உணவளிப்பதும் அச்சங்கத்தினர் பணி. கோட்டைகளைக் காட்டிலும் அப்பாதைகளே அந்நாட்டின் செல்வம் என்று தோன்றுகிறது.

இங்கே இராசகிரிக்கும் கிருட்டிணகிரிக்கும் தொல்லியல் துறையின் காவல் உண்டு. பெயர் அறியப்படாத குன்றுகளுக்கு யார் காவல்? பெருமுக்கல், திருவக்கரைப் பக்கங்களில் கருங்கல் குவாரிகள் பெருகின. சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லி வேண்டும்; அதை மறுப்பவர் எவரும் கூரையின்கீழ் இருக்க இயலாது. ஆனால் எந்தக் குன்றை உடைக்கலாம், எதை உடைக்கலாகாது என்பதைக் குன்றின்மேல் ஏறிப் பார்த்தவரே சொல்ல முடியும். பெருமுக்கலின் மேல் சிவன் கோயில் உண்டு. சீதைகுகை எனப்படும் பாறையிடுக்கில் வரலாற்றுக்கு முந்தையோர் கீறிய உருவங்கள் உண்டு. 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கோட்டையின் சுவடுகளும் உண்டு. அடிவாரத்துச் சாலையில் செல்வோர்க்கு அது வெறும் கல்மேடு. வெடிவைத்த குன்றைத் திருப்பிக் கட்டும் தொழில் மகேந்திரவர்மனுக்கும் தெரியாது.

குவாரிக்கு அடுத்த பகை வண்ணக்குப்பி. பாறையில் காதலர் பெயரும் கட்சிச் சின்னமும் எழுதுவோர், அதற்கடியில் ஆயிரமாண்டு எழுத்தோ செங்காவி ஓவியமோ இருக்கக்கூடும் என அறியார். உள்ளூர்ப் பள்ளி மாணவரை ஆண்டுக்கொரு முறையேனும் அருகிலுள்ள குன்றுக்கு அழைத்துச் சென்று, கல்வெட்டின் ஓரெழுத்தையாவது விரலால் தொடாமல் கண்ணால் படிக்கச் செய்வது இலக்கிய அமைப்புகளுக்கு அரிய செயலன்று. பேருந்துக் கட்டணமும் தண்ணீரும் கட்டுச்சோறும் போதும். தை, மாசித் திங்கள்கள் ஏற்றவை. சித்திரை வெயிலில் பாறை கால்வைக்க விடாது. செஞ்சியில் குரங்குகள் மிகுதியாதலால் சோற்று மூட்டையைக் கையில் தொங்கவிட்டுச் செல்லலாகாது. கல்வெட்டுகளைப் படிக்க விரும்புவோர் விடிந்ததும் ஏறவேண்டும். உச்சிவெயிலில் எழுத்தின் பள்ளமும் பாறையின் பரப்பும் ஒன்றாகிவிடும், சாய்ந்து விழும் ஒளியில்தான் கீறல்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும்.