தல்யான்: எட்டு மணிக்கு மேல் ஆமைகளின் கரை

இன்னைக்கு துருக்கியோட தென்மேற்குல இருக்கிற தல்யானுக்குப் போவோம். அமைதியான ஆத்தங்கரை ஊர். எதிர்க்கரைப் பாறையில, கோயில் முகப்பு மாதிரி குடைஞ்ச கல்லறைகள். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கிருந்து நாணல் காட்டுக்குள்ள படகு வளைஞ்சு வளைஞ்சு போய், இஸ்துசு கடற்கரையில நம்மள இறக்கிவிடும். நாலரை கிலோமீட்டர் மணல். ஒரு ஹோட்டல்கூடக் கிடையாது.

சூரியன் மறையறதைப் பாத்துட்டுக் கிளம்பலாம்னு உக்காந்திருந்தேன். "எட்டு மணிக்குள்ள கிளம்பணும்"னு சொல்லிட்டாங்க. செம கடுப்பு. அப்புறம்தான் காரணம் தெரிஞ்சது.

கோடையில பெருந்தலை ஆமைகள் ராத்திரி கரையேறி இங்க முட்டையிடும். பொரிஞ்சு வர்ற குஞ்சுங்க வெளிச்சம் இருக்கிற பக்கமா நகரும். இருட்டுக் கரையில, வெளிச்சமாத் தெரியறது கடல்தான். ஹோட்டல் விளக்கு எரிஞ்சா? குஞ்சுங்க கடலை விட்டுட்டு அந்தப் பக்கம் போய்ச் சாகும்.

1987ல இங்க ஹோட்டல் கட்டற வேலை நிஜமாவே தொடங்கிடுச்சு. கரையில குடில் போட்டு வாழ்ந்த ஜூன் ஹைமாஃப்ங்கிற பிரிட்டிஷ் பெண்மணியும் சூழலியலாளர்களும் எதிர்த்து நின்னாங்க. வேலை நின்னுச்சு. 1988ல அரசு இதைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சது. நான் அனுபவிச்ச அமைதி, அவங்க சண்டை போட்டு வாங்கினது.

நீங்க போனா, குடையைத் தண்ணிக்குப் பக்கத்துலயே நடுங்க. மேல் மணல்ல குத்தினா முட்டை உடையும். எட்டு மணிக்கு முன்னாடி கிளம்பிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!