தரையிலேயே காத்திருக்கும் விமானம்

கூட்டேரிப்பட்டு தெரியும்ல? சென்னையிலிருந்து திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும்போது, மயிலத்துக்குத் திரும்புற கூட்ரோடு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ, அந்த மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அன்னிக்கு விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் நடுவுல ரயில் பாலத்துல வெள்ளம் அபாய அளவைத் தாண்டிடுச்சு. ரயில்களை நிறுத்தினாங்க, சிலதை வேற வழியில திருப்பி விட்டாங்க.

ரயிலை நிறுத்தலாம். பறந்துக்கிட்டிருக்கிற விமானத்தை? நவம்பர் 30 மதியமே சென்னை விமான நிலையத்தை மூடிட்டாங்க. நள்ளிரவு தாண்டித்தான் திறந்தாங்க.

இந்த மாதிரி நாள்ல எல்லாரும் பெங்களூருக்குப் போனா அங்க நிறுத்தவே இடம் இருக்காது. திருச்சி, கோவை, ஹைதராபாத்னு பிரிக்கணும். எங்க இடம் இருக்கு, ஓடுபாதை எப்போ திறக்கும்ங்கறது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். ஆனா பைலட்டோட டியூட்டி நேரம் எப்போ முடியுது, அந்த விமானம் அடுத்து எங்க போகணும்ங்கறது ஏர்லைனுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் பேசாம முடிவெடுத்தா, விமானம் ஒரு ஊர்ல, அதை ஓட்ட வேண்டிய ஆள் இன்னொரு ஊர்ல.

அதனாலதான் இந்திய விமான நிலைய ஆணையம் டெல்லியில ஒரு மையம் வெச்சு நாடு முழுக்க போக்குவரத்தைப் பார்க்குது. ஒரு பேச்சுக்கு, மணிக்கு 30 விமானம் இறங்குற இடத்துல மழையால 15 தான் முடியும்னா, கிளம்புற ஊர்லயே ஒவ்வொண்ணுக்கும் புறப்பாட்டு நேரத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்துடுவாங்க. சென்னைக்கு மேல வட்டமடிச்சு எரிபொருளைத் தீர்க்கறதைவிட, டெல்லியில சும்மா நிக்கறது மேல்.

இதுல நம்பிக்கைதான் சிக்கல். 1990கள்ல அமெரிக்காவுல, 'எங்க விமானம் ரத்து'ன்னு உண்மையைச் சொன்ன ஏர்லைன் தன் இறங்கும் நேரத்தையே இழக்கும். போட்டியாளருக்கு லாபம். யார் சொல்லுவா? சொல்லாம விட்டதால, காலியா இருந்த நேரம் யாருக்குமே பயன்படாமப் போச்சு. அப்புறம் விதியை மாத்தினாங்க: ரத்தானாலும் அந்த நேரம் உங்களுதே, உங்க வேற விமானத்துக்கு வெச்சுக்கலாம். உங்களால முடியலைன்னா மத்தவங்களை முன்னாடி நகர்த்துவாங்க, உங்களுக்குப் பின்னாடி உபயோகமான நேரம் ஒண்ணு கிடைக்கும். 1998ல சான் பிரான்சிஸ்கோவுலயும் நியூவார்க்லயும் சோதனையா தொடங்கினாங்க.

அதனால கதவை மூடினப்புறமும் விமானம் நகரலைன்னா, கேபின் க்ரூவைத் திட்டாதீங்க. அவங்க கையில இருக்கறது டெல்லியிலிருந்து வந்த ஒரு நேரம் மட்டும்தான்.