தாம்பரத்தில் இறங்குகிறீர்களா? ஒரு நிமிஷம்!



சென்னைக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லுங்கள் என்றால் எல்லோரும் மெரினாவில்தான் ஆரம்பிப்பார்கள். நான் தாம்பரத்துப் பொண்ணு. எங்க ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தென் மாவட்ட ரயில்கள் பல இங்கே நிற்கின்றன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, பேருந்தில் வருகிறவர்களும் எங்க பக்கம்தான் முதலில் கால் வைக்கிறார்கள்.

வருகிற எல்லோரும் ஊர் சுற்றவா வருகிறார்கள்? அம்மாவின் மருத்துவ அறிக்கையை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு "பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது. தாம்பரத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி, 'சென்னை பூங்கா' நிலையத்தில் இறங்குங்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரம். அங்கிருந்து நடந்தே போகலாம். விடிவதற்கு முன்பே ரயில் ஓடத் தொடங்கிவிடும். இருட்டில் ஆட்டோவுக்குப் பேரம் பேசி நிற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயில்கள் குறைவு, பராமரிப்புப் பணியும் நடக்கும். கூடுதலாக ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது பெட்டியைப் பாருங்கள். முதல் வகுப்பு, மகளிர் பெட்டி எல்லாம் தனித்தனி. 2025 ஏப்ரலில் இருந்து இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. 'சும்மா ஜில்லுன்னு இருக்கே' என்று சாதாரண டிக்கெட்டோடு ஏறினால் அபராதம்தான். மாநகரப் பேருந்து என்றால், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் எந்த ஊர் என்று நடத்துநர் கேட்கமாட்டார்.

தாம்பரத்தில் "கிழக்கா, மேற்கா?" என்பது பெரிய கேள்வி. ஜி.எஸ்.டி. சாலை மேற்கே, வேளச்சேரி சாலை கிழக்கே. தப்பான பக்கம் இறங்கிவிட்டால் நடைமேம்பாலம் ஏறித்தான் திரும்ப வேண்டும். சுமையோடு படி ஏறுவது கஷ்டம்தான், மறுக்கவில்லை. அதற்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். உள்ளூர்க்காரர் நாலு பேர் இறங்குவார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் போகாதீர்கள். இங்கே விரைவு ரயில்களுக்குத் தனித் தடம் உண்டு. நின்றிருக்கும் மின்சார ரயில் மறைக்க, அடுத்த தடத்தில் வருவது கண்ணுக்கே தெரியாது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இப்படி உயிரை விட்டவர்கள் நிறைய. சட்டப்படியும் குற்றம்: 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம்.

வந்த வேலை சீக்கிரம் முடிந்ததா? அப்போ வாங்க, எங்க ஊரைப் பாருங்க. பல்லாவரத்தில்தான் 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். வெள்ளிக்கிழமை என்றால் அங்கே சந்தையும் உண்டு. பழைய பூட்டு முதல் பூச்செடி வரை கிடைக்கும், விலை பேச வாய் வேண்டும். பரங்கிமலைப் பக்கம்தான் 1802-ல் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். பிள்ளைகளோடு வந்தால் வண்டலூர் உயிரியல் பூங்கா. செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.

கடல் பார்க்காமல் பிள்ளைகள் விடமாட்டார்கள், தெரியும். 'சென்னை கடற்கரை' நிலையத்தில் இறங்கினால் மணல் இருக்காது; அது துறைமுகப் பக்கம். பூங்காவில் இறங்கி, பக்கத்திலேயே உள்ள பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறி, திருவல்லிக்கேணியில் இறங்குங்கள். அங்கிருந்து மெரினா நடக்கும் தூரம். அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே குளிக்கத் தடை இருக்கிறது. முழங்கால் தண்ணீரிலும் மண் சரிந்து, உள்ளே இழுத்துவிடும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், செல்ஃபி அப்புறம் எடுக்கலாம்.

இந்த எண்களை இப்போதே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்: ரயில் உதவிக்கு 139, ஆம்புலன்ஸுக்கு 108, காவல் துறைக்கு 100, பெண்களுக்கான உதவிக்கு 181. பெரியவர்களை அழைத்து வந்தால், ஒரு துண்டுச்சீட்டில் உங்கள் எண்ணை எழுதி அவர்கள் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.