நிறம் மாறாத தெரு

இன்னைக்கு ஒரு மேப் பத்திப் பேசலாம்.

2015 டிசம்பர் தொடக்கம். சென்னையில் விடாத மழை. நம்ம பூந்தமல்லிக்குப் பக்கத்துல இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தாங்க. அடையாறு கரை தாண்டியது. எந்த ரோடு முழுகியிருக்கு, எது வழியாப் போகலாம்னு தெரியாம ஊரே தவிச்சுது.

அந்த மழைக்காலத்துல மேப்பாக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அருண் கணேஷ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வெச்சு ஒரு வெள்ள வரைபடம் உருவாக்கினார். ஐடியா சிம்பிள். உங்க தெருவுல தண்ணி நிக்குதா? மேப்பில் அந்தத் தெருவை கிளிக் பண்ணுங்க. நிறம் மாறிடும். அதை எல்லாரும் பார்க்கலாம்.

ஆனா ஒரு தெரு நிறம் மாறணும்னா தண்ணி மட்டும் போதாது. சார்ஜ் இருக்கிற போன் வேணும், சிக்னல் வேணும், இந்த மேப் இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் வேணும். அந்த நாட்கள்ல நிறைய ஏரியாவுல கரன்ட்டும் இல்ல, டவரும் இல்ல. அப்போ ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு தெரு நிறம் மாறாம இருந்தா, அது காஞ்ச தெருவா, இல்ல சொல்ல ஆளில்லாத தெருவா?

அதனால இப்படி மேப் பண்றவங்க மூணு நிறம் வைக்கணும்: தண்ணி இருக்கு, தண்ணி இல்ல, தகவல் இல்ல. அந்த மூணாவது நிறம்தான் முக்கியம். முதல்ல ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டிய இடம் அது.

அடுத்த மழைக்கு இப்படி ஒரு மேப் வந்தா, உங்க தெரு காஞ்சிருந்தாலும் சொல்லுங்க. சத்தமே இல்லாத ஏரியாவுல தெரிஞ்சவங்க இருந்தா, ஒரு போன் போட்டுப் பாருங்க.